கணினி காட்டும் இடமும் துளை விழும் இடமும்

பல் இம்ப்ளாண்ட் வைக்க ஜோகூர் பாருவில் விசாரிக்கப் போனால் இரண்டு வழி சொல்வார்கள். டாக்டர் தம் கைப்பழக்கத்தை நம்பி வைப்பது ஒன்று. கணினியில் திட்டம் போட்டு, அதன்படி டிரில்லுக்கு வழிகாட்டும் கெய்டு என்னும் தகட்டை அச்சிட்டு, அதன் துணையோடு வைப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு வெள்ளி கூடும். ஏன் என்று கேட்டால் துல்லியம் என்பார்கள். அதோடு தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். எத்தனை மில்லிமீட்டர் தவறலாம் என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார். திட்டம் போடும்போது அவரே தம்மிடம் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் இது.

இதற்கு ஓரளவு உறுதியான பதில் உண்டு. 2018இல் அலி தஹ்மாசெப் குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வு 20 மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது: 471 நோயாளிகள், 2,238 இம்ப்ளாண்டுகள், எல்லாமே கெய்டு துணையுடன் வைக்கப்பட்டவை. திட்டமிட்ட இடத்துக்கும் இம்ப்ளாண்ட் உண்மையில் போய் உட்கார்ந்த இடத்துக்கும் உள்ள விலகல், எலும்பில் நுழையும் இடத்தில் சராசரி 1.2 மில்லிமீட்டர். அடிமுனையில் 1.4 மில்லிமீட்டர். சாய்வில் 3.5 பாகை. பத்து மில்லிமீட்டர் நீள இம்ப்ளாண்ட் 3.5 பாகை சாய்ந்தால், சாய்வினால் மட்டும் அதன் அடிமுனை ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும்.

இவை சராசரிகள் என்பதை மறக்கக் கூடாது. அதே குழுவினர் 2014இல் வெளியிட்ட முந்தைய தொகுப்பில், நுழையும் இடத்தில் 4.5 மில்லிமீட்டர் வரையும் அடிமுனையில் 7.1 மில்லிமீட்டர் வரையும் விலகிய இம்ப்ளாண்டுகள் பதிவாகியிருக்கின்றன. அவை அபூர்வம்தான். ஆனால் அவையும் கெய்டு வைத்துச் செய்தவையே. கணினி திட்டம் போட்டது என்பதால் தவறே நேராது என்று யாராவது சொன்னால், அவர் இந்த எண்களைப் படிக்கவில்லை என்று பொருள்.

அப்படியானால் கெய்டு வீண் செலவா? இல்லை. பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஒப்பீடு நமக்கு நேரடியாகப் பயன்படும். ஒரு பகுதிப் பற்களை மட்டும் இழந்தவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று வகையாகப் பிரித்தார்கள். வெறும் கையால் வைத்தவற்றில் அடிமுனை விலகல் சராசரி சுமார் 2.1 மில்லிமீட்டர், சாய்வு சுமார் 7 பாகை. முதல் டிரில்லை மட்டும் கெய்டு வழியே விட்டு, மீதியைக் கையால் முடித்தவற்றில் சுமார் 1.4 மில்லிமீட்டர், ஏறக்குறைய 6 பாகை. கடைசி டிரில்லும் இம்ப்ளாண்டும்கூடக் கெய்டு வழியாகவே போனவற்றில் 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, சுமார் 2.3 பாகை.

இதிலிருந்து ஒரு கேள்வி நம் கைக்குக் கிடைக்கிறது. கெய்டு உண்டு என்று கிளினிக்கில் சொன்னால், எதுவரைக்கும் என்று கேளுங்கள். முதல் துளைக்கு மட்டுமா, இம்ப்ளாண்ட் இறங்கும் வரைக்குமா? முதல் துளைக்கு மட்டும் கெய்டு வைப்பது தவறான முறை அல்ல; சில வாய்களில் அதுதான் சாத்தியம். ஆனால் சாய்வைப் பொறுத்தவரை அது வெறுங்கை முறையைவிடப் பெரிதாக மேம்பட்டதில்லை. இரண்டுக்கும் ஒரே கட்டணம் கேட்டால் காரணம் கேட்பது உங்கள் உரிமை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டைட்டேனியமும் எலும்பும் ஒன்றோடொன்று இறுகிவிடும் என்பதைக் கண்டறிந்த ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரேனமார்க் 1965இல் தம் முதல் நோயாளியான யோஸ்டா லார்சனுக்கு இம்ப்ளாண்ட் வைத்தபோது, தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன் எதுவும் கிடையாது. லார்சன் 2006இல் இறக்கும்வரை அந்தப் பற்களோடுதான் வாழ்ந்தார். இம்ப்ளாண்ட் எலும்போடு ஒட்டி நிலைப்பதில் வெறுங்கைக்கும் கெய்டுக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது: நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறோம், பக்கத்துப் பல்லின் வேரைத் தொடுகிறோமா, மேலே வைக்கும் பல் நேராக நிற்குமா. கெய்டுக்குக் கொடுக்கும் பணம் இந்த மூன்றுக்கானது.

கெய்டு உருவாகும் விதம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். முதலில் சிபிசிடி ஸ்கேன், அதாவது கூம்பு வடிவக் கதிரால் தாடையை முப்பரிமாணத்தில் எடுக்கும் எக்ஸ்ரே. அது எலும்பையும் நரம்புக் குழாயையும் காட்டும். பல்லின் மேற்பரப்பையும் ஈறையும் தெளிவாகக் காட்டாது. அதனால் வாய்க்குள் சிறு கேமரா போன்ற ஸ்கேனரை ஓட்டியோ, பழைய முறையில் அச்சு எடுத்தோ, பற்களின் வடிவத்தைத் தனியாகப் பதிவு செய்வார்கள். இரண்டு பதிவுகளையும் மென்பொருள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தும். பிறகு முதலில் வைக்கப்படுவது பல். எந்த வடிவத்தில், எந்த இடத்தில் பல் வர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதைத் தாங்க இம்ப்ளாண்ட் எங்கே இறங்க வேண்டும் என்று பின்னோக்கிப் பார்ப்பார்கள். அந்த இடத்தை வாய்க்குக் கடத்துவதற்குத்தான் கெய்டு. பற்களின் மேல் கவ்வி உட்காரும் பிசின் தகடு அது. துளை விழ வேண்டிய இடத்தில் ஓர் உலோக வளையம் பதிந்திருக்கும்.

இந்த ஒவ்வொரு படியும் சிறிது பிழையைச் சேர்க்கும். பிழைகள் சில நேரம் ஒன்றையொன்று ஈடுகட்டும், சில நேரம் ஒரே பக்கமாகக் குவியும். முன்பு சொன்ன சராசரி 1.2 மில்லிமீட்டர் இந்தக் குவியலின் கணக்கு. பிழை எங்கெங்கே நுழைகிறது என்று தெரிந்தால், அதில் ஒரு பகுதியைத் தடுப்பது நோயாளியின் கையிலும் இருக்கிறது.

பிழை நுழையும் இடங்கள்

ஸ்கேனில் தொடங்குவோம். சிபிசிடி படத்தின் மிகச் சிறிய கனசதுரம் கருவியைப் பொறுத்து 0.1 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதற்கும் குறைந்த நுணுக்கத்தைப் படம் காட்டாது. கருவி தலையைச் சுற்றி வரும் பத்து இருபது வினாடிகளில் நீங்கள் எச்சில் விழுங்கினால், தலையை லேசாகத் திருப்பினால், எலும்பின் விளிம்பு இரட்டையாக விழும். பார்வைக்கு நல்ல படமாகவே தெரியும். நரம்புக் குழாயின் சுவர் மட்டும் மங்கிப்போகும். மோவாயை ஊன்றி, கண்ணை மூடி, அசையாமல் இருங்கள். அசைந்துவிட்டோம் என்று உங்களுக்கே தோன்றினால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். தேவையான பகுதிக்கு மட்டும் சிறிய அளவில் எடுத்தால் கதிர்வீச்சும் குறையும், படமும் கூர்மையாகும். ஆனால் இரண்டு பதிவுகளையும் பொருத்தப் போதுமான பற்கள் அதற்குள் அடங்க வேண்டும். எந்த அளவு என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது உலோகம். பழைய வெள்ளி நிற அடைப்பு, உலோகக் கிரீடம், முன்பே வைத்த இம்ப்ளாண்ட் இவையெல்லாம் சிபிசிடி படத்தில் வெள்ளைக் கீற்றுகளாகச் சிதறும். அந்தக் கீற்றுகளுக்குள் பல்லின் விளிம்பைக் கண்டுபிடித்துத்தான் இரண்டு பதிவுகளையும் பொருத்த வேண்டும். வாய் நிறைய உலோகம் உள்ளவருக்குப் பொருத்தம் அரை மில்லிமீட்டர் தப்பிவிட்டால், அதன் பிறகு செய்யும் எல்லாமே அந்த அரை மில்லிமீட்டரைச் சுமந்துகொண்டுதான் வரும். கெய்டு கச்சிதமாக உட்காரும். துளை மட்டும் வேறிடத்தில் விழும். இதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் இது மோசமான பிழை. கணினித் திரையில் பல்லின் கோடும் ஸ்கேனின் விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று நான்கு இடங்களில் வெட்டிக் காட்டினால் சாதாரணக் கண்ணுக்கே தெரியும்.

பிறகு வளையமும் டிரில்லும். டிரில் சுழல வேண்டுமானால் வளையத்துக்குள் கொஞ்சம் இடம் வேண்டும். 5 மில்லிமீட்டர் உயர வளையத்தில் 0.1 மில்லிமீட்டர் ஆட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிரில் ஒரு பாகைக்கு மேல் சாயலாம். வளையத்துக்கு 15 மில்லிமீட்டர் கீழே இருக்கும் முனையில் அது 0.3 மில்லிமீட்டர் ஆகிவிடும். செம்பனைக் குலை வெட்டும் நீளக் கம்பைப் பிடித்தவர்களுக்கு இது விளக்காமலே புரியும்: கை கொஞ்சம் அசைந்தால் மேலே அரிவாள் எங்கோ போகும். ஆகவே வளையம் உயரமாகவும் எலும்புக்குப் பக்கத்திலும் இருந்தால் நல்லது. ஈறு தடித்திருந்தால் வளையம் எலும்பை விட்டு விலகிப் போகும்.

மிகப் பெரிய பிழை, தடுக்க மிக எளிதான பிழை, கெய்டு சரியாக உட்காராமல் இருப்பது. நல்ல கெய்டில் பற்களுக்கு மேலே சிறு சன்னல்கள் வெட்டப்பட்டிருக்கும். பல்லின் முகடு பிசினின் உட்பக்கத்தை முட்டுகிறதா என்பதை அவற்றின் வழியே பார்க்கலாம். கூலாயிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, மரப்பு ஊசி போடும் முன்பே கெய்டைப் போட்டுக் காட்டச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். "டாக்டர், கண்ணாடி குடுங்க, நானும் பாக்குறேன்" என்றார். அந்த இளம் டாக்டர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "பாருங்கம்மா, இந்தச் சன்னல்ல பல்லு முட்டிக்கிட்டு நிக்குது. இங்க இடைவெளி தெரிஞ்சா நான் துளையே போடமாட்டேன்" என்று ஒவ்வொரு சன்னலாகக் காட்டினார். ஒரு பக்கம் விரலால் அழுத்தி, மறுபக்கம் தூக்குகிறதா என்றும் சோதித்தார். இரண்டு நிமிட வேலை. எல்லாக் கிளினிக்கிலும் இதைக் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

கெய்டு உட்காராமல் போவதற்கு ஜோகூரில் ஒரு தனிக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டு வார இறுதியில் பாலத்தைக் கடந்து வருகிறவர்கள், சிகாமட்டிலிருந்தும் குளுவாங்கிலிருந்தும் விடுமுறை பார்த்து வருகிறவர்கள், ஒரு வாரம் ஸ்கேன் எடுத்துவிட்டுப் பல வாரம் கழித்து அறுவைக்கு வருவார்கள். இடையில் வேறொரு கிளினிக்கில் ஒரு பல்லை அடைத்திருப்பார்கள், கிரீடம் மாற்றியிருப்பார்கள், வலித்த பல்லைப் பிடுங்கியிருப்பார்கள். கெய்டு பழைய வாய்க்காகச் செய்தது. புதிய வாயில் அது ஆடும். ஸ்கேன் எடுத்த நாளுக்கும் அறுவை நாளுக்கும் இடையில் அந்தத் தாடையில் எந்தப் பல் வேலையும் செய்யாதீர்கள். அவசரமாகச் செய்ய நேர்ந்தால் கிளினிக்குக்கு முன்கூட்டியே சொல்லி, வாயை மறுபடி ஸ்கேன் செய்து, புதுக் கெய்டு அச்சிடச் சொல்லுங்கள். கெய்டை உங்களிடமே கொடுத்து அனுப்பியிருந்தால் வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். சூட்டில் பிசின் வளையும்.

கீழ்த்தாடையில் இரண்டு மில்லிமீட்டர்

பலருக்கும் முதலில் போவது கீழ்க் கடைவாய்ப் பல். அதற்கு நேர் கீழே எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதற்குள் இருக்கிறது. அதை நசுக்கினால் உதடு மரத்துப்போகும். சோறு உதட்டில் ஒட்டியிருப்பது தெரியாது. தேநீர் சுடுவது தெரியாது. சிலருக்கு மாதங்களில் திரும்பும், சிலருக்குத் திரும்பாமலே போகும்.

தஹ்மாசெப் குழுவினர் தங்கள் எண்களிலிருந்து எடுத்த முடிவு இதற்குத்தான் பொருந்துகிறது: கெய்டு இருந்தாலும் குறைந்தது 2 மில்லிமீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும். சராசரி விலகலே 1.4 மில்லிமீட்டர் என்னும்போது, நரம்புக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே நிறுத்திக்கொள்கிறேன் என்பது திட்டமாகாது. இன்னொரு சிறிய உண்மையும் இங்கே கணக்கில் வருகிறது. டிரில்லின் கூர்முனை, அதில் குறித்திருக்கும் நீளத்தைத் தாண்டிச் சற்று நீண்டிருக்கும். எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 10 மில்லிமீட்டர் டிரில் 10 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் துளைக்கும். அந்த நீட்சியையும் சேர்த்தபிறகு 2 மில்லிமீட்டர் மிஞ்ச வேண்டும்.

திட்டத்தைக் காட்டும்போது நீங்கள் கேட்க வேண்டியது நேரடியானது: நரம்பு எங்கே என்று விரல் வைத்துக் காட்டுங்கள், இம்ப்ளாண்டின் அடிக்கும் அதற்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து காட்டுங்கள். மென்பொருளில் அது ஒரு சொடுக்கு. நரம்புக் குழாயை வண்ணத்தில் தீட்டாமல் இம்ப்ளாண்ட் இடத்தை முடிவு செய்திருந்தால் அந்தத் திட்டம் முடியவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். நாக்குப் பக்கம் எலும்பு உள்வாங்கிக் குழிந்திருக்கிறதா என்பதையும் அதே படத்தில் பார்க்க வேண்டும். அந்தக் குழியில் டிரில் வெளியே குத்தினால் வாயின் அடித்தளத்தில் இரத்தம் தேங்கி மூச்சுக்குழாயை நெருக்கும் ஆபத்து உண்டு. அரிது, ஆனால் உயிரைத் தொடும் விஷயம். எலும்பின் உயரம் போதவில்லை என்றால் குட்டை இம்ப்ளாண்ட், எலும்பு வளர்த்தல், இம்ப்ளாண்ட் இல்லாத பல் பாலம் என்று வேறு வழிகள் இருக்கின்றன. 2 மில்லிமீட்டரைச் சுருக்கி இடம் தேடுவது மட்டும் வழியாகாது.

வாய் போதுமான அளவு திறக்காவிட்டால்

இதைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. நம் மக்களைப் பொறுத்தவரை இது முக்கியம். கெய்டு வழியாகத் துளைக்க டிரில் நீளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அது வளையத்தைத் தாண்டி எலும்புக்குள் போகிறது. டிரில்லின் நீளம், அதற்கு மேலே கைக்கருவியின் தலை, அதற்குக் கீழே தகடு இவையெல்லாம் கீழ்க் கடைவாய்க்கும் மேல்பல்லுக்கும் நடுவில் அடங்க வேண்டும். வாய் சரியாகத் திறக்காவிட்டால் டாக்டர் டிரில்லைச் சாய்த்துத்தான் நுழைப்பார். சாய்த்து நுழைத்தால் கெய்டின் பயனே போய்விடும்.

வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் தோட்டப்புறத்திலும் பழைய தலைமுறையிலும் இன்னும் இருக்கிறது. பாக்கு, கன்னத்தின் உட்படலத்தை நார் நாராக இறுக்கி, வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கச் செய்யும். அதனோடு புற்றுநோய் அபாயமும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. வாய்க்குள் உங்கள் சொந்த விரல்கள் மூன்றை நெட்டுக்குத்தாக நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழையாவிட்டால் ஸ்கேனுக்குப் பணம் கட்டும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். கன்னத்தில் வெள்ளைத் திட்டோ எரிச்சலோ இருந்தால் இம்ப்ளாண்டைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள். கெய்டு செய்யும் முன், உண்மையான டிரில்லைக் கைக்கருவியில் மாட்டி, அந்த இடத்தில் நுழைகிறதா என்று வெறுமனே வைத்துப் பார்க்கச் சொல்வது எளிய சோதனை.

துளைக்கும்போது எழும் சூட்டைப் பற்றியும் ஒரு வரி. எலும்பு 47 பாகை செல்சியஸ் வெப்பத்தை ஒரு நிமிடம் தாங்கினாலே பாதிப்பு தொடங்கும் என்று ஸ்வீடனின் எரிக்சனும் ஆல்ப்ரெக்ட்சனும் 1983இல் காட்டினார்கள். கெய்டு துளையை மூடிக்கொள்வதால் குளிர்விக்கும் உப்புநீர் உள்ளே இறங்குவது கடினம். அவசரமில்லாமல், டிரில்லை ஏற்றி இறக்கி, நீரை நிறைய விட்டுச் செய்யும் டாக்டர் நேரத்தை வீணாக்கவில்லை.

பல்லே இல்லாத தாடை

தஹ்மாசெப் தொகுப்பில் ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. சில பற்கள் மிஞ்சியிருப்பவர்களுக்குத் துல்லியம் கூடுதல். பல் ஒன்றும் இல்லாதவர்களுக்குக் குறைவு. காரணம் எளிது. பல் அசையாது, ஈறு அமுங்கும். மரப்பு ஊசி போட்டதும் ஈறு உப்பும், கெய்டு அதன்மேல் மிதக்கும். எனவே ஈறின் மேல் உட்காரும் கெய்டை மூன்று நான்கு சிறு ஊசிகளால் எலும்போடு பொருத்த வேண்டும். ஊசிகளைப் போடும்போது எதிர்ப்பற்களோடு கடிக்க வைத்துச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். ஈறை விலக்கி எலும்பின் மேலேயே உட்கார வைக்கும் கெய்டு பொதுவாக இன்னும் துல்லியம் குறைந்தது. கட்டுப்பல் செட்டை விட்டுவிட்டு முழுத்தாடைக்கும் இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ள நினைக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்வது: பொருத்தும் ஊசிகள் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால், அந்த இடத்தில் கெய்டுக்கென்று தனிப்பணம் கொடுக்கக் காரணம் இல்லை.

முன்பக்கம் மட்டும் பல் இருந்து, பின்னால் பல்லே இல்லாத வாயும் இதற்குப் பக்கத்தில்தான் வரும். முன்னால் கவ்விய கெய்டு பின்னால் தொங்கும். அழுத்தினால் கீழே போகும். அங்கே பொருத்தும் ஊசி ஒன்றாவது வேண்டும்.

கேமராவும் ரோபோவும்

தகடு இல்லாமல், டிரில்லையும் தாடையையும் கேமரா பின்தொடர, டாக்டர் திரையைப் பார்த்துத் துளைக்கும் முறையும் உண்டு. அறுவையின் நடுவில் திட்டத்தை மாற்ற முடியும், வாயில் தகடு இல்லாததால் நீரும் நன்றாகப் போகும். ஆனால் கண் திரையில், கை வாயில். அதற்குப் பயிற்சி வேண்டும். 2016 டிசம்பரில் அமெரிக்காவில் யோமி என்ற ரோபோக் கருவிக்கு அனுமதி கிடைத்தது. அது டாக்டரின் கையோடு சேர்ந்து இயங்குவது. 2017இல் சீனாவின் சியான் நகரில் ஒரு ரோபோ, டாக்டர் கை வைக்காமலே ஒரு பெண்ணுக்கு இரண்டு இம்ப்ளாண்ட் வைத்தது. இங்கே யாராவது இவற்றை முன்வைத்தால், இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கருவி எவ்வளவு புதிது என்பதைவிட, அதைக் கையாளும் கை எவ்வளவு பழகியது என்பதுதான் நமக்குப் பெரிது.

கேட்டு வாங்க வேண்டியவை

மலேசியாவில் 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பல் டாக்டர்கள் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிந்து, ஆண்டுதோறும் தொழில் சான்றிதழ் எடுக்க வேண்டும். நிபுணர்களுக்குத் தனிப் பதிவேடு உண்டு. ஆனால் இம்ப்ளாண்ட் என்பது தனி நிபுணத்துவப் பிரிவாக இல்லை. பொதுப் பல் டாக்டரும் வைக்கலாம், முகத்தாடை அறுவை நிபுணரும் வைக்கலாம், ஈறு நிபுணரும் வைக்கலாம். அதனால் பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. மன்றத்தின் பதிவேட்டில் பெயரைப் பாருங்கள், பிறகு அனுபவத்தைக் கேளுங்கள். கெய்டை வடிவமைத்தது யார் என்பதையும் கேளுங்கள். பல கிளினிக்குகள் திட்டத்தை வெளி லாபுக்கு அனுப்பி வாங்குகின்றன. அதில் தவறில்லை. ஆனால் லாபில் இருப்பவர் உங்கள் வாயைப் பார்த்ததில்லை. துளைக்கப்போகும் டாக்டர் அந்தத் திட்டத்தை ஒவ்வொரு வெட்டாகப் பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்கள், எலும்பு தேய்மானத்துக்கு ஊசி போடுகிறவர்கள், முன்பு தாடையில் கதிர்சிகிச்சை எடுத்தவர்கள், இவர்களுக்கு இடத் துல்லியம் இரண்டாம் பட்சம். ஆறுமா என்பதே முதல் கேள்வி. ஜோகூர் பாரு சுல்தானா அமீனா மருத்துவமனையில் வாய், முகத்தாடை அறுவைப் பிரிவு இருக்கிறது. சிக்கலான உடல்நிலை உள்ளவரை அங்கே அனுப்பலாமா என்று தனியார் டாக்டரிடமே கேட்கலாம்.

வேலை முடிந்ததும் ஸ்கேன் கோப்பு, திட்டத்தின் படம், இம்ப்ளாண்டின் கம்பெனி, அளவு, தொடர் எண் ஒட்டிய அட்டை, வைத்தபின் எடுத்த எக்ஸ்ரே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேனைத் தாளில் அச்சிட்டுத் தந்தால் போதாது. மென்பொருளில் திறக்கும் கோப்பாக வேண்டும். பத்து வருடம் கழித்துத் திருகு தளர்ந்தால் உட்லண்ட்ஸிலோ பத்து பகாட்டிலோ உள்ள டாக்டருக்கு எந்தக் கம்பெனித் திருகாணி வேண்டும் என்பது இந்த அட்டையிலிருந்துதான் தெரியும்.

வைத்த அன்றிரவு

கீழ்த்தாடையில் வைத்திருந்தால் மரப்பு ஊசி போட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உதட்டின் மரப்பு வழக்கமாக மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் விடும். எட்டு மணி நேரம் ஆகியும் கீழுதடும் மோவாயும் மரத்தே இருந்தால், அல்லது மரப்பு விட்டபிறகு அங்கே கூச்சமும் எரிச்சலும் கலந்த வலி வந்தால், அன்றே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். இம்ப்ளாண்ட் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தால் அதைக் கழற்றுவதற்கோ சற்று மேலே ஏற்றுவதற்கோ நல்ல காலம் முதல் ஒன்றரை நாள்தான். 36 மணி நேரத்துக்குள் எடுத்தவர்களுக்கு உணர்ச்சி திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்று நரம்புச் சிகிச்சை நிபுணர்கள் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வைத்துக்கொண்டு, திங்கள் விடியலில் வேலைக்காகப் பாலத்தைக் கடந்து போய், அடுத்த சனிக்கிழமை காட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த நேரம் கடந்துவிடும். ஆகவே அறுவைக்கு நாள் குறிக்கும்போதே, மறுநாள் கிளினிக் திறந்திருக்குமா, டாக்டர் இருப்பாரா, இரவில் அழைக்க எண் உண்டா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளைக்கு விடுப்பும் போட்டுவிடுங்கள்.